கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்று யாராவது போன் செய்தால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: பொத்தானை அழுத்தினால் என்ன ஆகிறது? "ஒண்ணுமே ஆகல" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கொஞ்சம் தோண்டிக் கேட்டால், ஃபேன் சுற்றுகிறது, திரையில்தான் எதுவும் வரவில்லை என்பார்கள். இல்லையென்றால், சுற்ற ஆரம்பித்து உடனே நின்றுவிடுகிறது என்பார்கள். நேற்று சாயங்கால மழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து இப்படித்தான் என்பது கடைசியில் வெளியே வரும். இவை எல்லாம் வேறு வேறு கோளாறுகள். பிரித்துப் பார்க்காமல் கை வைத்தால் காசுதான் கரையும். பெங்களூரில் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இந்தக் கரைச்சல் இன்னும் சுலபம்: இந்த வாரம் ஒரு ரேம் (தற்காலிக நினைவகம்), அடுத்த வாரம் ஒரு எஸ்.எம்.பி.எஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி), அப்புறம் மதர்போர்டு (எல்லா பாகமும் செருகும் பெரிய போர்டு). கடைசியில் பார்த்தால், பல பிளக் செருகும் ஸ்பைக் பஸ்டர் பலகை செத்திருக்கும்.

அதனால் கீழே எழுதியிருப்பது உதிரிபாக வரிசை இல்லை. நீங்கள் கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கேபினட் என்ற வெளிப்பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். பிடுங்கியதும் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். சுவரிலிருந்து போகும் 230 வோல்ட் ஏசி, அதற்குள் 320 வோல்ட்டுக்கும் மேலான டிசியாக மாறி, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் தங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை

இதில் முதல் சந்தேகம் கம்ப்யூட்டருக்கு வெளியேதான் இருக்க வேண்டும். சுவர் ஸ்விட்ச்சில் ஒரு போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அது ஓடினால் ஸ்பைக் பஸ்டர், அதற்கப்புறம் யுபிஎஸ், அதற்கப்புறம் பவர் கேபிள். எளிய வழி, நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு சி.பி.யு (கேபினட்) கேபிளை நேராகச் சுவரில் செருகுவது. மானிட்டர் ஓடுகிறது என்றால், அதன் கேபிளைக் கழற்றி சி.பி.யுவில் மாட்டிப் பார்க்கலாம். பெரும்பாலான மானிட்டர்களிலும் அதே மூன்று முனை கேபிள்தான்.

இங்கே மாட்டிக்கொள்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் யுபிஎஸ். 600 விஏ வீட்டு யுபிஎஸ்ஸுக்குள் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது ஓய்ந்துவிடும். பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் சுவரில் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாத யுபிஎஸ்கள் நிறைய உண்டு. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். புது யுபிஎஸ் வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நேராகச் சுவரில் மாட்டியும் அசையவில்லை என்றால் கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸில் சின்னதாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். வீட்டைப் பெருக்கித் துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கலாம். பழைய எஸ்.எம்.பி.எஸ்களில் அதற்குப் பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச்சும் உண்டு. அது 230இல்தான் இருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிற ஆசையில் யாராவது அதை 115க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால், வெடிச் சத்தத்தோடு அந்த எஸ்.எம்.பி.எஸ் கதை முடிந்துவிடும்.

அடுத்து உள்ளே. பல மதர்போர்டுகளில், அணைந்திருக்கும்போதும் ஒரு சின்ன எல்.இ.டி எரியும். அது எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ் குறைந்தது 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கொடுக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் சந்தேகம் முன்பக்கப் பொத்தான் மேல் திரும்ப வேண்டும். பொத்தானிலிருந்து வரும் மெல்லிய ஜோடி வயர், போர்டின் ஓரத்தில் பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு பின்களில் செருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ரீசெட் பொத்தானின் வயரை அங்கே செருகுங்கள். இதற்கு நேர்மறை எதிர்மறை கிடையாது, எப்படிச் செருகினாலும் சரி. ரீசெட்டை அழுத்தி மெஷின் எழுந்துவிட்டால் போயிருப்பது பொத்தான்தான். ரீசெட்டையே பவர் பொத்தானாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. அதில் தப்பே இல்லை.

எல்.இ.டியும் எரியவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால், 24 பின் கனெக்டரில் ஊதா வயருக்கும் ஏதாவது ஒரு கறுப்பு வயருக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை காட்ட வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, கரண்ட் இல்லாத நிலையில் பச்சை வயர் பின்னையும் ஒரு கறுப்பு வயர் பின்னையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு ஆன் செய்து பார்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ் ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. ஆனால் சுமை ஏறும்போது தாங்குமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. சூடாகும்வரை ஃபேனையே சுற்றவிடாத புது மாடல்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். வயர் எல்லாமே கறுப்பாக இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் கிளிப் வேலை வேண்டாம். வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் மேல்.

ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுகிறது

ஃபேன் அரைச் சுற்று சுற்றி நிற்கும். சில சமயம் தானாகவே மறுபடி முயலும், மறுபடி நிற்கும். எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்துகிறது.

முதலில் யுஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிறகு டார்ச் அடித்து முன்பக்க யுஎஸ்பி துளைகளைப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பென்டிரைவைத் தலைகீழாகத் திணித்து உள்ளே இருக்கும் பின்கள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அந்த முன்பக்க யுஎஸ்பி கேபிளைப் போர்டிலிருந்து கழற்றியதுமே மெஷின் எழுந்துவிடும். அதன் பிறகும் துள்ளினால் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். எதைக் கழற்றியதும் ஓடுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் கழற்றியும் துள்ளினால் எஸ்.எம்.பி.எஸ் அல்லது போர்டு. போர்டில் புராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாக ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் போட்டதும் வீட்டுக்கே கரண்ட் போகிறது

எம்.சி.பி (அதிகக் கரண்ட் பாய்ந்தால் விழும் ஸ்விட்ச்) விழுந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் நேரடி ஷார்ட். மறுபடி மறுபடி தூக்கிவிட்டுச் சோதிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) விழுந்தால் எர்த்துக்குக் கசிவு இருக்கிறது. அந்தக் கசிவு கம்ப்யூட்டரில்தானா என்பதைத் தெரிந்துகொள்ள, அதை மட்டும் பிடுங்கிவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

இதோடு சேர்ந்த விஷயம், கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்பது. எல்லா எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அது யாருக்கும் தெரியாது. எர்த் இல்லாத வீட்டில் அவை இரண்டும் சேர்ந்து கேபினட்டை ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிறுத்திவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி எறியாது. ஆனால் டெஸ்டரில் எரியும், கையில் கூசும். ஶ்ரீராமபுரம், அல்சூர் பக்கத்துப் பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடையில் எர்த் சரியாக இருப்பதால் அங்கே ஒன்றும் தெரியாது. கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை, கம்ப்யூட்டர் மெக்கானிக்கை இல்லை.

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு

அதிகம் வருவது இதுதான். குறிப்பாக வீடு மாறிய மறுநாள். 11 மாத அக்ரிமென்ட் முடிந்து, மினி லாரியில் மெத்தைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் படுத்துப் பயணம் செய்த சி.பி.யுவில் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

கேபினட்டைத் திறப்பதற்கு முன் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் எச்டிஎம்ஐ கேபிளை அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும். புது வீட்டில் அவசரமாக மாட்டும்போது மேலே இருக்கும் மதர்போர்டு துளையில் மாட்டிவிடுவார்கள். மாடல் எண் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் புராசஸர்களில், 12400எஃப் மாதிரி, உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. அவற்றில் மதர்போர்டு துளை எப்போதும் இருட்டுதான். மானிட்டரின் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ரேம். பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, கீழே உள்ள பொன்னிறத் தகடுகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். ஊர் முழுக்க மெக்கானிக்குகள் செய்யும் இந்த ரப்பர் வைத்தியத்தைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஆனால் தகட்டில் படியும் மெல்லிய அழுக்குதான் பல கறுப்புத் திரைகளுக்குக் காரணம். திரும்பச் செருகும்போது கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை இரண்டு முனையிலும் அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த ரேம் பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, புராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் ஒற்றை ரேமுக்கு வழக்கமான இடம் அதுதான். அடுத்து இன்னொரு ரேமைப் போட்டுப் பாருங்கள்.

டிடிஆர்5 ரேம் போட்ட புது மெஷின் என்றால் பொறுமை வேண்டும். ரேமைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு அந்த ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதற்றத்தில் அணைத்தால் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

போர்டின் ஓரத்தில் சி.பி.யு (இங்கே புராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால் பாதி வேலை மிச்சம். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விளக்கு இல்லாத போர்டில் பீப் சத்தம் கேட்கும், ஆனால் அதற்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும். இப்போது வரும் கேபினட்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. விலை சொற்பம், வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு குட்டி பீப் வந்தால் பொதுவாக எல்லாம் சரி, மானிட்டர் பக்கம் பாருங்கள் என்று அர்த்தம். மற்ற பீப் கணக்குகள் பயாஸ் (மெஷினை எழுப்ப போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போர்டின் கையேட்டில் பார்ப்பதுதான் சரி, வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்ப வேண்டாம்.

சி.பி.யு விளக்கு நின்றால், போர்டின் மேல் மூலையில் போகும் 4 அல்லது 8 பின் பவர் கனெக்டரைத் தேடுங்கள். 24 பின்னை மட்டும் மாட்டிவிட்டு இதை மறந்தால் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், வேறு எதுவும் நடக்காது. கிராபிக்ஸ் கார்டுக்கும் தனிப் பவர் கேபிள் உண்டு. கார்டை முழுக்கக் கழற்றி, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, திரும்ப அழுத்தி மாட்டுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் பயாஸ் அமைப்பை அழித்துப் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் நாணய வடிவ சி.ஆர் 2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அது 3 வோல்ட் பேட்டரி. பழசாக இருந்தால் புதிதாகவே போட்டுவிடலாம், மெடிக்கல் ஷாப்பில்கூடக் கிடைக்கும். ஆனால் இதைச் செய்வதற்கு முன் ஒரு விஷயம்: விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், பயாஸ் அமைப்பு மாறியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும் வாய்ப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்த புது மெஷின்களில் இந்தப் பூட்டு உங்களுக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கலாம். எண் அந்தக் கணக்கில் சேமிப்பாகியிருக்கும். போனில் உள்ளே போய் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேட்டரியில் கை வையுங்கள்.

கரண்ட் போனால் மட்டும், அல்லது போய் வந்த பிறகு

1905லேயே தெருவில் மின்விளக்கு பார்த்த ஊர் இது. ஆனாலும் ஏப்ரல், மே மாத மாலை மழைக்கு ஒரு மரக்கிளை முறிந்தால் ஏரியா முழுக்க இருட்டுதான். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு வரும் கேள்வி: லைட்டும் ஃபேனும் அசையாமல் ஓடுகின்றன, கம்ப்யூட்டர் மட்டும் ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது?

கரண்ட் போவதற்கும் இன்வெர்ட்டர் ஏற்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழு அலையே 20 மில்லி விநாடிதான். நல்ல எஸ்.எம்.பி.எஸ் முழுச் சுமையில் 16, 17 மில்லி விநாடி தன் கெப்பாசிட்டரில் சேமித்ததை வைத்துச் சமாளிக்கும். இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். அதில் மாறும் நேரம் குறையும்; மற்ற மோடில் அது எஸ்.எம்.பி.எஸ்ஸின் சக்தியைத் தாண்டிவிடும். போன வருடம்வரை தாங்கிய மெஷின் இந்த வருடம் தாங்கவில்லை என்றால், இன்வெர்ட்டர் மாறவில்லை, எஸ்.எம்.பி.எஸ்ஸின் கெப்பாசிட்டர் வயதாகி வற்றியிருக்கிறது. அது முழுக்கப் படுப்பதற்கு முன் கொடுக்கும் முன்னறிவிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட் ஜெனரேட்டரை நம்புபவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே இடைவெளி பல விநாடி, தனி யுபிஎஸ் இல்லாமல் முடியாது. விலை மலிவான யுபிஎஸ்கள் கொடுக்கும் கட்டம் கட்டமான அலை, ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ்கள் சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்மை. புதிதாக வாங்கும்போது சுத்தமான சைன் வேவ் (சீராக வளையும் அலை) கேளுங்கள்.

கரண்ட் திரும்பி வந்த அந்த நொடியில் மெஷின் செத்துவிட்டது என்றால், வீட்டில் வேறு ஏதாவது சேர்ந்து செத்ததா என்று பாருங்கள். டிவி செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர், எல்.இ.டி பல்பு என்று இரண்டு மூன்று ஒன்றாகப் போயிருந்தால் மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்போது 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் பக்கம்கூட ஏறும். புது எஸ்.எம்.பி.எஸ் மாட்டினால் அதுவும் போகும். மெயினை அணைத்துவிட்டு மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912க்கு முதலில் போன் செய்யுங்கள்.

சரி, எதுவும் கருகவில்லை, கரண்ட் வந்தும் மெஷின் அசையவில்லை என்றால்? பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு மறுபடி மாட்டுங்கள். பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்ட எஸ்.எம்.பி.எஸ் இதிலேயே எழுந்துவிடும்.

ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது

சில விநாடிகளிலேயே அணைந்தால் புராசஸர் கூலரைப் பாருங்கள். இன்டெல்லுடன் வரும் கூலரை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள்தான் பிடித்திருக்கும். அதில் ஒன்று விடுபட்டாலே கூலர் சாய்ந்து சூடு கிடுகிடுவென ஏறும். சுமார் 100 டிகிரியில் புராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் மேல் சூடு ஏறினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்தோ கேம் ஆடும்போதோ அணைந்தால் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (புராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை), அல்லது தளர்ந்த எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கும் வீடுகளில் தூசியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த ஊரில் பக்கத்து மனையில் வேலை நடக்காத வீடு எங்கே இருக்கிறது?

லோகோ வருகிறது, அதோடு நிற்கிறது

இது ஆன் ஆகாத கோளாறே இல்லை. டிஸ்க் அல்லது விண்டோஸ். பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விண்டோஸ் ரிப்பேர், தெரியாவிட்டால் கேபிள் அல்லது டிஸ்க்.

லேப்டாப் என்றால்

சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். ஆச்சரியமான அளவுக்கு இது பலிக்கும். டைப்-சி லேப்டாப்பில் போன் சார்ஜர் மாட்டிச் சோதிக்காதீர்கள்; 65 வாட் கேட்பதற்கு 18 வாட் கொடுத்தால் பல லேப்டாப்கள் கண்டுகொள்ளவே மாட்டா. திரை இருட்டாக இருந்தும் உள்ளே சத்தம் கேட்டால், டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பேக்லைட் போயிருக்கிறது, மெஷின் நன்றாகவே இருக்கிறது. அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை அழுத்தாமல், சார்ஜ் போடாமல் நேராகச் சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால்

"ஆன் ஆகல, பாருங்கண்ணா" என்று கேபினட்டை மேஜைமேல் வைத்தால், டவுன் ஹால் பக்கத்துக் கடைகளில் முதலில் வரும் பதில் "போர்டு போயிருக்கும்" என்பதாக இருக்கலாம். அதற்குப் பதில் பார்த்ததைச் சொல்லுங்கள்: "வேற எஸ்.எம்.பி.எஸ் போட்டுப் பாத்தாச்சு, ஒவ்வொரு ரேமா மாத்தியாச்சு, டிராம் லைட் அணையல." பேச்சு அங்கேயே மாறிவிடும். தமிழில் சொன்னாலே பல கடைகளில் புரிந்துகொள்வார்கள். கொடுப்பதற்கு முன் எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். ஆன் ஆகிறதா என்று பார்க்க அவை தேவையே இல்லை. ரேம், கிராபிக்ஸ் கார்டு, போர்டு இவற்றின் சீரியல் எண் ஸ்டிக்கர்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பில்லில் வாரன்ட்டி தேதியோடு எழுதி வாங்குங்கள்.